மாப்பிள்ளை மோதிரமும் ஆறு எலுமிச்சம்பழமும்

என் குறிப்பேட்டில் தை 24, வெள்ளிக்கிழமை என்று தேதியிட்ட பதிவு இது:

"காலை. வண்டியூர் தெப்பக்குளம் பக்கம், மண்டபம். நிச்சயதார்த்தம். பார்த்தவர்கள் முப்பது பேருக்கு மேல். வித்தை: மோதிரம், எலுமிச்சம்பழம். இரவல் வாங்கிய பொருள்: மாப்பிள்ளையின் மோதிரம். பழங்கள்: தட்டில் ஆறு, பெண் கையில் ஒன்று. முடித்தவர்: நான் அல்ல. முடிந்த விதம்:"

பதிவு அங்கேயே நிற்கிறது. பதினோரு ஆண்டுகளாக எழுதிவரும் இந்தக் குறிப்பேட்டில் நிரப்பாமல் விட்ட இடம் அது ஒன்றுதான்.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். மேஜிக் என் பொழுதுபோக்கு. மேடையும் பெட்டியும் புகையும் எனக்கு வேண்டாம். ஒரு சீட்டுக்கட்டு, இரண்டு நாணயம், ஒரு கைக்குட்டை போதும். பார்ப்பவர் என் மூச்சுக் காற்று படும் தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தத் தூரத்தில் ஒரு பொருளை மறைப்பதில்தான் எனக்கு மகிழ்ச்சி.

எங்கே, எந்தத் தேதியில், யாருக்கு, எந்த வித்தையைக் காட்டினேன் என்று எழுதி வைப்பது பெருமைக்காக அல்ல. எங்கள் வித்தையில் ஒரு விதி உண்டு: ஒரே ஆளுக்கு ஒரே வித்தையை இரண்டு முறை காட்டக் கூடாது. முதல் முறை அவர் வியப்பார். இரண்டாம் முறை வேவு பார்ப்பார். மதுரையில் இந்த விதி இன்னும் கடுமையானது, ஏனென்றால் இங்கே எல்லாருக்கும் எல்லாரும் சொந்தம். அவனியாபுரம் போகும் ஷேர் ஆட்டோவில் நாணயம் மறைத்துக் காட்டினால், அடுத்த வாரம் வேறொரு வீட்டுக் காதணி விழாவில் அதே ஆள் பந்தியில் உட்கார்ந்திருப்பார். "அண்ணே, அந்த ஆட்டோ நாணயம்!" என்று கத்துவார். ஆகவே எழுதி வைக்கிறேன்.

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியறையில் ஞாயிறு காலைகளில் நாங்கள் நாலு பேர் கூடுவோம். மூன்று பேர் ஆண்கள். நாலாவது ஆள்தான் எங்களில் சிறந்தவர். இதை நான் அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. குறிப்பேட்டைப் பார்த்தே சொல்கிறேன். என்னை ஏமாற்றியவர்கள் என்று நான் தனியாக ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் அவர் பெயர்தான்.

அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். நாள் முழுக்க மற்றவர்களின் கண்களைப் பார்ப்பதால், ஒரு ஆள் அடுத்த நொடி எங்கே பார்ப்பார் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். நாங்கள் மூவரும் கையைப் பழக்கிக்கொண்டிருந்தபோது அவர் பார்வையைப் பழக்கிக்கொண்டிருந்தார். சீட்டுதான் அவருடைய உயிர். கட்டின் அடியில் இருக்கும் சீட்டை, மேலிருந்து எடுப்பதுபோல் எடுத்துப் போடுவார். அந்த விரலசைவை ஏழு ஆண்டுகளாக வாரந்தோறும் ஒரு முழ தூரத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை.

அவருக்குத்தான் நிச்சயதார்த்தம். இரண்டு வீடும் சௌராஷ்டிரக் குடும்பங்கள். மாப்பிள்ளை வீட்டில் தலைமுறையாக நெசவு. மாப்பிள்ளை ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலை செய்கிறார். அம்மா இல்லாத அவரை வளர்த்தது அத்தை. எல்லாம் பொருத்தம்தான், ஒன்றைத் தவிர. அந்த வீட்டில் சீட்டுக்கட்டு நுழைந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றார்கள். அத்தையின் அப்பா மூணு சீட்டு ஆடித் தறிகளை விட்டவர். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சீட்டு என்ற சொல்லையே யாரும் எடுப்பதில்லை.

பெண்ணின் அப்பா மகளிடம் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "சீட்டுன்னு வாயத் தொறக்காத. கல்யாணத்துக்குப் பெறகு தானா மறந்துரும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியறையில் அவர் கட்டைக் கலைத்துக்கொண்டே இதை எங்களிடம் சொன்னார்.

"மறைச்சு வைக்கிறதுதானம்மா நம்ம வேலையே," என்றேன், சிரிக்க வைப்பதற்காக.

அவர் சிரிக்கவில்லை. "மறைக்கப் போறேன்னு சொல்லிட்டு மறைக்கிறது நம்ம வேலை அண்ணே. சொல்லாம மறைச்சா அதுக்குப் பேரு வேற. சொல்லாமக் கழுத்த நீட்ட மாட்டேன். அவங்க வேணாம்னு சொன்னா, அது இப்பவே தெரியட்டும்."

பிறகுதான் என்னிடம் அந்த வேலையைக் கொடுத்தார். நிச்சயதார்த்தத்தில் நான் ஒரு வித்தை காட்ட வேண்டும். சீட்டு கூடாது. மங்கலமாக ஏதாவது.

"நீங்க செய்யிங்க. நான் அவங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். ரசிச்சாங்கன்னா அன்னைக்கே சொல்லிருவேன். மூஞ்சியச் சுளிச்சாங்கன்னா, வீட்டுக்குப் போயி அப்பாகிட்டப் பேசிக்கிறேன்."

பேசிக்கொள்வது என்றால் கல்யாணம் வேண்டாம் என்று சொல்வது. எங்கள் மூவருக்கும் அது புரிந்தது.

மங்கலமான வித்தை என்றால் எனக்கு மோதிரம்–எலுமிச்சைதான். இரவல் மோதிரத்தைக் கைக்குட்டையில் மடித்து ஒருவர் கையில் கொடுப்பேன். கைக்குட்டையை உதறினால் மோதிரம் இருக்காது. எலுமிச்சம்பழத்தை அறுத்தால் உள்ளே இருக்கும். எப்படி என்று இங்கே எழுத மாட்டேன், செய்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லலாம். மோதிரம் கைக்குட்டையில் இருக்கிறது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கும்போதே அது பழத்துக்குள் போய்விட்டிருக்கும். பழத்தின் காம்புப் பக்கத்தில் முன்கூட்டியே ஒரு சின்ன வேலை செய்திருப்பேன். தோல் தடித்த நாட்டுப் பழமாக இருந்தால் நல்லது. மெல்லிய தோல் காட்டிக்கொடுத்துவிடும். அன்று காலை சந்தையில் இருபது பழம் உருட்டிப் பார்த்து ஒன்றை எடுத்தேன்.

மண்டபத்தில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். நடுவில் வெள்ளித் தட்டு. அதில் சந்தனக் கிண்ணம், குங்குமம், வெற்றிலை, ஐந்து எலுமிச்சம்பழம். தட்டுக்கு அந்தப் பக்கம் பெண், பட்டுச் சேலையில், தலை குனிந்து. கண்ணேறு படாமல் இருக்க அவர் கையிலும் ஒரு எலுமிச்சம்பழம், குங்குமம் வைத்தது. இந்தப் பக்கம் மாப்பிள்ளை. பக்கத்தில் அத்தை, முதுகு நிமிர்ந்து. பெண்ணின் அப்பா மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். நான் இரவல் கேட்டது அந்த மோதிரத்தைத்தான்.

"குடுக்கலாமா அத்தை?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"குடு. ஓடிப் போனா மண்டபத்துக் கதவு ஒண்ணுதான். புடிச்சிரலாம்," என்றார் அத்தை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் தெம்பாகச் சிரித்தேன். அத்தை ரசிக்கத் தெரிந்தவர் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

மோதிரத்தை மடித்தேன். மறைத்தேன். பழத்துக்குள் சேர்த்தேன். எல்லாம் பழகிய கையால், தடங்கலில்லாமல். பிறகுதான் தவறு செய்தேன். வழக்கமாக அந்தப் பழத்தை என் பக்கத்தில், என் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்வேன். அன்று தட்டில், மற்ற பழங்களோடு, சந்தனக் கிண்ணத்துக்கு இடப்பக்கம் வைத்தேன். எலுமிச்சையை எலுமிச்சைகளுக்கு நடுவில் வைத்தால் யாருக்கும் தெரியாது என்று ஒரு கணம் என்னையே மெச்சிக்கொண்டேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் மறக்கக் கூடாத ஒன்றை மறந்துவிட்டேன். மங்கலத் தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் எடுக்கிறவருக்குத்தான் சொந்தம்.

கைக்குட்டையை அத்தையிடம் கொடுத்து, "உள்ள இருக்கான்னு தடவிப் பாத்துக்கங்க. இறுக்கிப் புடிங்க," என்றேன். முப்பது பேரும் அத்தையின் கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அந்த நேரத்தில் வாசலிலிருந்து மாப்பிள்ளையின் சித்தப்பா வந்தார். சமையல்காரர் வண்டி உள்ளே வர வேண்டுமாம். இவர்கள் வந்த கார் வழியில் நிற்கிறதாம். புதுக் கார். நல்ல காரியத்துக்கு அதன் முதல் பயணம்.

"எலுமிச்சம்பழம் வைக்காம வண்டிய எடுக்காதீக," என்றார் அத்தை, கைக்குட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அதுக்குத்தான வாரேன்," என்று சொல்லிக்கொண்டே சித்தப்பா தட்டில் கைவிட்டு நாலு பழத்தை அள்ளினார். சக்கரத்துக்கு ஒன்று. "ஏய், வீடியோக்காரத் தம்பி, நீயும் வா, புது வண்டி!" என்று கேமராக்காரரையும் கூட்டிக்கொண்டு போனார்.

நான் திரும்பிப் பார்த்தபோது தட்டில் இரண்டு பழம் இருந்தன. இடப்பக்கம் ஒன்றுமில்லை. இரண்டின் காம்பையும் பார்த்தேன். இரண்டும் என்னுடையவை அல்ல.

வெளியே கார் உறுமியது. பிறகு அந்தச் சத்தம் கேட்டது, ஈரமாக நாலு பழம் நசுங்கும் சத்தம். வீட்டு வாசலில் கேட்டால் சந்தோஷமாக இருக்கும்.

நான் பேச்சை நிறுத்தவில்லை. எது தவறினாலும் வாய் நிற்கக் கூடாது என்பதும் எங்கள் விதி. ஆனால் என்ன பேசினேன் என்று ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை. நினைவில் இருப்பது மாப்பிள்ளையின் வெறும் விரல். நிச்சயதார்த்த மோதிரம் அன்றைக்கே சக்கரத்தில் நசுங்கினால் அதைச் சகுனம் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெண் வாயைத் திறக்காமலே எல்லாம் முடிந்துவிடும், என் கையால்.

அத்தை கைக்குட்டையைத் தடவிக்கொண்டே, "தம்பி, எம்புட்டு நேரம் புடிச்சிக்கிட்டே இருக்கிறது?" என்றார்.

அப்போது பெண் தலையை நிமிர்த்தினார். "அத்தை, அத எங்கிட்டக் குடுங்க. இது எனக்குத் தெரியும். நான் முடிக்கிறேன்."

நிச்சயதார்த்தத்தில் பெண் அப்படிப் பேசுவதில்லை. அவர் அப்பா எழப் போனார். அதற்குள் பெண் கைக்குட்டையை வாங்கி ஒரு உதறு உதறினார். மோதிரம் இல்லை. கூட்டம் மூச்சை இழுத்தது.

"ஏ, எங்க?" என்றார் மாப்பிள்ளை.

"வெளியூரு போயிருச்சு," என்றார் பெண். அதற்குப் பிறகு, காலையிலிருந்து தன் கையிலேயே இருந்த, குங்குமம் வைத்த அந்தப் பழத்தை மாப்பிள்ளையிடம் நீட்டினார். "நீங்களே அறுங்க."

மாப்பிள்ளை என் சின்னக் கத்தியை வாங்கி அறுத்தார். கத்தி பாதியில் எதிலோ இடித்தது. மோதிரம், சாறு சொட்டச் சொட்ட.

நான் செய்திருந்தால் அது ஒரு நல்ல வித்தை. அவர் செய்தது அதைவிடப் பெரியது. தட்டில் இருந்த பழம் யாருடையது என்று சந்தேகப்படலாம். மணப்பெண் கையில் காலையிலிருந்து எல்லார் கண்ணும் பார்த்த பழத்தை யார் சந்தேகப்படுவார்கள்? கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன், எனக்கும் ஒன்றும் புரியாமல்தான்.

அத்தை தட்டவில்லை. "நீ எங்க கத்துக்கிட்ட இத?"

"ஏழு வருசமாப் பண்றேன் அத்தை. இந்த அண்ணனோட ஞாயித்துக்கிழமை கூடுவோம். எனக்கு இதவிட சீட்டுதான் நல்லா வரும்."

சீட்டு என்ற சொல் விழுந்ததும் மாப்பிள்ளை வீட்டார் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"காசு வச்சு ஆடுறதில்ல அத்தை," என்றார் பெண். "ஏமாத்தப் போறேன்னு சொல்லிட்டு ஏமாத்துவேன். இத மறைச்சுட்டு உங்க வீட்டுக்கு வர எனக்கு இஷ்டமில்ல. விட்டுட்டு வரவும் இஷ்டமில்ல."

அத்தை அவரையே பார்த்தார். "சீட்டுல எப்படி ஏமாத்துவாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மூணு சீட்டுல?"

"அதுலயும்."

"எங்க அப்பாவ எப்படி ஏமாத்துனாங்கன்னு காட்டு."

யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. பெண் கொஞ்சம் தயங்கினார். "ஏமாத்துனாங்களான்னு எனக்குத் தெரியாது அத்தை. ஏமாத்தியிருந்தா எப்படின்னு மட்டும்தான் காட்ட முடியும்."

"அதத்தான் கேட்டேன்."

பெண் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, எடுங்க."

"என்னத்தம்மா?"

"சட்டைப் பையில இருக்கிறத. சீட்டு கொண்டுவரக் கூடாதுன்னு சொன்னாக் கேக்குற ஆளா நீங்க?"

எடுத்தேன். சிரிப்பு எழுந்தது, அத்தை வாயோரத்திலும் கொஞ்சம்.

பெண் கட்டை அத்தையிடம் கொடுத்துக் கலைக்கச் சொன்னார். அத்தைக்குக் கலைக்கத் தெரியவில்லை. ஜமக்காளத்தில் பரப்பி, கோலமாவு கலப்பதுபோல் இரண்டு கையாலும் கலைத்தார். சேர்த்துக் கொடுத்ததும் பெண் வெட்டச் சொன்னார். அத்தைக்கு மூன்று, தனக்கு மூன்று என்று போட்டார். அத்தைக்கு மூன்று ராணி. "இதப் பாத்தா எந்த மனுசனும் எந்திரிக்க மாட்டாரு," என்றார் பெண். பிறகு தன் சீட்டைத் திருப்பினார். மூன்று ராஜா. மறுபடி கலைக்கச் சொன்னார். மறுபடி போட்டார். மறுபடி ராணிகள், ராஜாக்கள். மூன்றாவது முறை, விதியை மீறி, மெதுவாகச் செய்து விரல் எங்கே போகிறது என்பதை அத்தைக்கு மட்டும் தெரியும்படி தன் உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினார். எங்களுக்குத் தெரியவில்லை. எனக்குக்கூட.

அத்தை ரொம்ப நேரம் அந்த மூன்று ராணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா ஆடத் தெரிஞ்சவருக்குத்தான் நல்ல சீட்டாப் போடுவாங்க," என்றார் பெண் மெதுவாக. "தெரியாதவங்கிட்ட இது செல்லாது."

அத்தை தங்கள் வீட்டு மொழியில் மாப்பிள்ளையிடம் ஏதோ சொன்னார். மாப்பிள்ளை தலையாட்டினார். பிறகு அத்தை என்னிடம், யாரிடமாவது தமிழில் சொல்லியாக வேண்டும் என்பதுபோல் சொன்னார்: "இம்புட்டு நாளா எங்க அப்பாவ முட்டாள்னு நெனச்சிருந்தேன் தம்பி."

மோதிரத்தைத் துடைத்து மாப்பிள்ளையின் விரலில் தானே மாட்டினார். பெண்ணைப் பார்த்து, "நம்ம வீட்டுக்கு வந்தும் பண்ணு. ஆனா எங்க ஆளுங்க யாரோடயும் உக்காந்து ஆடிராத. மிஞ்சியிருக்கிறது ரெண்டு தறிதான்," என்றார். அப்போதுதான் பெண்ணின் அப்பா கண்ணைத் திறந்தார்.

கல்யாணம் பங்குனியில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மாடியறையில் இப்போதும் நாங்கள் நாலு பேர். அந்த வீட்டில் ஒரு சீட்டுக்கட்டு இருக்கிறது. அத்தை அதைக் கலைப்பார், ஆட மாட்டார்.

இனி, பதிவில் நான் விட்ட இடம். அன்று பந்தி முடிந்ததும் வாசலுக்குப் போய் நசுங்கிய நாலு பழத்தையும் குனிந்து பார்த்தேன். எதன் காம்பிலும் என் வேலை இல்லை. ஒன்றின் தோலில் மட்டும் குங்குமக் கறை. என் பழம் சக்கரத்துக்குப் போகவே இல்லை. அது பெண்ணின் கையில் இருந்தது. அதில் குங்குமம் எப்படி வந்தது என்பதும் புதிரில்லை. குங்குமக் கிண்ணம் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. இதுவரை உறுதி.

எப்போது மாற்றினார் என்பதுதான் தெரியவில்லை. சித்தப்பா கையை நீட்டுவதைப் பார்த்த நொடியில் மாற்றியிருந்தால், அவர் என்னைக் காப்பாற்றினார். நான் பழத்தைத் தட்டில் வைத்த உடனே மாற்றியிருந்தால், யார் முகத்தையும் பார்ப்பதற்கு முன்பே, சொல்லிவிடுவது என்று அவர் முடிவு செய்துவிட்டார். என் வித்தை அவருடைய வித்தைக்குத் திரைச்சீலை மட்டும். கேமராக்காரர் வெளியே போகும்வரை, எல்லாரையும் போலக் கைக்குட்டையைத்தான் படம் பிடித்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவிடம், பழம் எடுக்கும்போது பெண்ணின் கை தட்டில் இருந்ததா என்று கேட்டேன். "தம்பி, நான் வண்டிய நெனச்சுக்கிட்டு வந்தேன். கையையும் பழத்தையும் எவன் பாத்தான்?" என்றார்.

பெண்ணிடமே கேட்டேன், இரண்டு தடவை. முதல் தடவை சிரித்தார். இரண்டாம் தடவை, "அண்ணே, ஒரே ஆளுக்கு ரெண்டு வாட்டி காட்டக் கூடாது," என்றார்.

மாற்றிய நேரம்: உறுதி செய்யப்படவில்லை.